தும்புத்தடி கூட்டித் தள்ளிய பெயர்

பட்டியல், பதிவு, தரவு என்று இந்தத் தொழிலுக்குள் புதிதாகக் கால் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கிருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். நீங்கள் இனி விடப்போகும் பிழைகளில் அரைவாசியை நான் ஏற்கெனவே விட்டு முடித்துவிட்டேன். மிச்ச அரைவாசியை விடுவதற்குள் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சொல்லப்போவது, ஆள் வராத அறையில் நான் உட்கார்ந்திருந்த கதை.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வாவிக்கரையில், கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை மண்டபத்தில் தொழில்நுட்பக் கூடல் ஒன்று நடக்கப் போவதாக யசோ வந்து சொன்னாள். யசோ என்னிடம் சில மாதங்கள் வேலை பழகிவிட்டுப் பல்கலைக்கழகம் போனவள். நிவாரண அலுவலகம் ஒன்றில் கம்பியூட்டர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன் அப்போது. பகுதி என்றால் இரண்டு மேசை, ஒரு கம்பியூட்டர், நான்.

“கொழும்பில இருந்தெல்லாம் ஆக்கள் வாறாங்க சேர். நீங்க கட்டாயம் வரணும்” என்றாள்.

கட்டாயம் வரவேண்டிய ஆள் யார்? பிரதம விருந்தினர். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் இருந்து உரை எழுதினேன். டை தேடி எடுத்தேன். வெள்ளைச் சேட்டை நானே அயன் பண்ணினேன். அதுவரை அந்த வேலை மனைவியுடையது. அவள் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டாள். அயன் பெட்டியும் நானும் அப்போதுதான் ஒருவரையொருவர் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தோம். அந்த அறிமுகத்தின் அடையாளமாக, சேட்டின் முதுகில் ஒரு பழுப்பு முக்கோணம் விழுந்துவிட்டது. வீட்டில் “இதோட போகாதீங்க” என்று சொல்ல ஆளில்லை. யாருக்கும் முதுகைக் காட்டாமல் இருந்தால் சரி என்று முடிவு பண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

மண்டபத்துக்குப் போனால் குத்துவிளக்கு இல்லை. மாலை இல்லை. மேடையில் ஒரு கதிரைகூட இல்லை. டீ சேட் போட்ட பொடியன்களும் பெட்டைகளும் நிலத்தில் குந்தியிருந்து கடதாசியில் என்னவோ எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டை கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். ஒரு பொடியன் வந்து, மின்சார சபையில் இருந்து வந்திருக்கிறீர்களா, பின்பக்கம் ஒரு பிளக் வேலை செய்யவில்லை என்றான்.

யசோ ஓடி வந்தாள்.

“விளக்கு எப்ப புள்ள ஏத்துறது?” என்று கேட்டேன்.

“விளக்கெல்லாம் இல்ல சேர். இங்க பிரதம விருந்தினர், பேச்சாளர் ஒருத்தரும் இல்ல. வந்த ஆக்கள்தான் எல்லாம். ஆருக்கு என்ன சொல்லணுமோ அத ஒரு கடதாசியில எழுதி, எத்தின மணிக்கு எந்த அறை எண்டு சுவரில போட்டிருக்கிற அந்தக் கட்டத்தில ஒட்டணும். கேக்க விருப்பமான ஆக்கள் அந்த அறைக்கு வருவாங்க.”

“விருப்பமில்லாட்டி?”

“இடையில எழும்பிப் போகலாம். வேற அறைக்குப் போகலாம். ஒருத்தரும் குறை நினைக்கக் கூடாது. அதான் சட்டம்.”

எத்தனையோ வருடமாகக் கூட்டங்களில் இருந்து பின்பக்கம் மரத்துப்போன எனக்கு அந்தச் சட்டம் பொன்னாகத் தெரிந்தது. ஆனால் மடியில் பதினொரு பக்க உரையோடு வந்தவனுக்கு அதே சட்டம் வேறு மாதிரியும் தெரியும், பாருங்கள்.

முதுகைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, தலையை மட்டும் திருப்பி அந்தக் கடதாசிகளை வாசித்தேன். ஏதோ ஒரு புதுப் போன். ஏதோ ஒரு புது மொழி. இலவசமாகத் தமிழ் எழுத்துரு. அப்புறம் நடுவில், பெரிய எழுத்தில் ஒன்று. வடக்கு முகாம்களில் இருக்கும் குடும்பங்களைப் பதிவதற்கான மென்பொருள், அடுத்த கிழமை முகாம்களுக்குப் போகிறது, வந்து பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு வரி: இரட்டைப் பதிவுகளை ஒரு நொடியில் துடைத்துவிடும். அந்தத் துடைக்கும் பகுதிக்கு ஒரு பெயரும் போட்டிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொல்.

தும்புத்தடி.

வீடு கூட்டுகிற தும்புத்தடியேதான். அந்தப் பெயரை வைத்தவன் நான். சுனாமிக்குப் பிறகு அதை எழுதியவனும் நான். யார் யாருக்கோ பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, “எழுதியது இன்னார்” என்று உள்ளே பெருமையாகப் பெயரும் பொறித்து வைத்தவன் நான். அந்தத் தும்புத்தடி ஒரு வீட்டில் என்ன செய்தது என்று அந்த மண்டபத்தில் அறிந்த ஒரே ஆளும் நான்தான்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது மிக எளிய காரியம். அந்தக் கடதாசியை ஒட்டிய பிள்ளையைத் தேடிப் போய், “தங்கச்சி, இதில் ஒரு பிழை இருக்கிறது, பிழை என்னுடையது” என்று சொல்வது. ஒரு நிமிட வேலை. அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் ஒரு கடதாசி எடுத்து, அழகான கையெழுத்தில், “பட்டியல்களைக் கையாளும்போது கவனத்திற் கொள்ளவேண்டிய சில பொதுவான விடயங்கள்” என்று எழுதி ஒட்டினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். தும்புத்தடிக்கு அதே நேரம், பக்கத்து அறை.

பொதுவான விடயங்கள்! அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஆனையே ஒளித்துவிடலாம்.

நேரம் வந்தது. பக்கத்து மண்டபத்துக்குள் சனம் அலையாகப் போனது. என் அறையில் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பன்னிரண்டு கதிரை. ஒன்றில் நான். மற்றப் பதினொன்றும் என்னையே பார்த்தபடி. ஐந்து நிமிடம் போனது. ஜன்னலுக்கு வெளியே வாவி வெயிலில் தகரம் மாதிரிக் கிடந்தது. ஒரு தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் தனியாள்தான், ஆனால் அவருக்கு வேலை இருந்தது. உரையின் முதல் பக்கத்தை எடுத்து, “மதிப்புக்குரிய” என்பதை வெட்டினேன்.

பத்தாவது நிமிடம் கதவு திறந்தது. ஏறாவூர் ஹனிபா காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம். பகல் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்திருந்தவர். தோளில் துவாய், நெற்றியெல்லாம் வியர்வை. நேரே வந்து ஃபேனுக்குக் கீழே இருந்த கதிரையில் அமர்ந்தார்.

“என்ன தம்பி, தனிய குந்தியிரிக்கீங்க? கூட்டம் முடிஞ்சிட்டா?”

“இன்னும் தொடங்கல்ல காக்கா.”

“ஆரு பேசுற?”

“நான்தான்.”

அவர் சுற்றிவரப் பார்த்தார். கதிரைகளை எண்ணியிருப்பார் போலிருக்கிறது. “என்ன பத்தி?”

நான் என் கடதாசியின் தலைப்பைச் சொன்னேன். முழுவதையும், ஒரு சொல் விடாமல்.

“அல்லாவே” என்றார். “ஃபேன் இல்லாட்டி நானும் வந்திரிக்க மாட்டன். மறுகா, என்னதான் அந்தப் பொது விசயம்? செல்லுங்க, சோறு குடுக்க இன்னும் நேரம் இரிக்கி.”

ஐந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லாத கதையை, ஃபேன் காற்று வாங்க வந்த மனிசனிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். என் கதையும் அதுதான். நான் சேட்டைக் கொழுவுகிற ஆணிகூட மனைவிக்குச் சீதனமாக வந்த ஆணி. அந்தப் பெண் செத்துப்போனால், அந்த மனிசன் பெரும்பாலும் தன் சகோதரி வீட்டுக்குத் திரும்புவான். பிள்ளைகள் தாயின் ஆட்களோடேயே, தாயின் தங்கையிடம் வளரும். தகப்பன் அங்கும் இங்குமாக இருப்பான். இதில் ஒரு அதிசயமும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

சித்திரவேல் என்று ஒருவர். கடலோரத்தில் பெண் எடுத்தவர். சுனாமியில் மனைவி போய்விட்டாள். நாலு வயது மகள் தனு மிஞ்சினாள். மனைவியின் தங்கை பிள்ளையோடு பள்ளிக்கூட முகாமுக்கு வந்தாள். சித்திரவேலின் பெயரும் அங்கே பதியப்பட்டது. அவருக்குக் காலில் பெரிய வெட்டுக்காயம். கரடியனாற்றில் இருந்து அவருடைய தங்கை ஆட்கள் உழவு மெசினில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். கரடியனாறு அந்த நாளில் இயக்கத்தின் கட்டுப்பாட்டில், அந்தப் பக்கம். நாங்கள் அரசாங்கத்தின் கீழ், இந்தப் பக்கம். இடையில் சோதனைச் சாவடி. போனால் எப்போது வரலாம் என்று சாவடிதான் சொல்லவேண்டும். அங்கே அவருடைய தங்கை, வீட்டில் இருப்பவர்களைப் பதிய ஆட்கள் வந்தபோது அண்ணன் பெயரையும் கொடுத்திருக்கிறாள். வேறென்ன செய்வாள்? அண்ணன் அவள் வீட்டுப் பாயில் அல்லவா படுத்திருந்தார்.

இரண்டு பக்கத்துப் பட்டியலும் என் மேசைக்கு வந்தன. மேலிடத்தில் இருந்து ஒரே கரைச்சல்: இரட்டைப் பதிவு கூடிப்போச்சு, துப்புரவாக்கு, துப்புரவாக்கு. அது பொய்க் கரைச்சலும் இல்லை. ஒருவர் இரண்டு இடத்தில் கூடாரம் வாங்கினால் இன்னொருவர் வெயிலில் கிடப்பார். அப்போதுதான் நான் தும்புத்தடியை எழுதினேன். ஆளின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் நாலும் ஒத்துப்போனால் ஆள் ஒன்று. பிந்திய பதிவு இருக்கட்டும், முந்தியதைக் கூட்டித் தள்ளு. அவ்வளவுதான். ஒரு நொடியில் பட்டியல் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் எனக்குக் கைதட்டினார்கள். அந்தப் பழக்கமில்லாதவன் நான். இரண்டு நாள் தலை கனத்துத் திரிந்தேன்.

சித்திரவேலுக்குப் பிந்திய பதிவு கரடியனாறு. முகாமில் இருந்த பெயர் போய்விட்டது. தனுவின் பெயர் மட்டும் அங்கே மிஞ்சியது. தாய்: இறந்துவிட்டார். தந்தை: வெற்றுக் கட்டம். தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகள் என்று அடுத்த பட்டியல் எடுத்தபோது அவள் அதில் ஏழாவது.

வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இல்லம் ஒன்றில் இருந்து வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நல்ல மனிசர்கள்தான். பட்டியலை நம்பி வந்தவர்கள்.

அடுத்த நாள் தாயின் தங்கை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தலை வாரவில்லை. காலில் செருப்பில்லை.

“ஐயா, புள்ளைட தகப்பன் உசிரோட இரிக்கார். ஆரு சொன்ன இல்லையெண்டு?”

நான் பட்டியலைப் பார்த்தேன். வெற்றுக் கட்டம். அப்போது நான் சொன்ன வசனத்தை இன்றைக்கும் மறக்க ஏலாது. “கம்பியூட்டர் பிழை விடாது, அம்மா” என்றேன்.

அவள் கத்தவில்லை. “அப்ப கம்பியூட்டர ஒருக்காக் கரடியனாத்துக்குக் கூட்டிட்டுப் போங்க ஐயா, அவர்ர காலைக் காட்டுறன்” என்றாள்.

அன்று பின்னேரம்தான் பழைய பிரதியை எடுத்து வைத்துப் பார்த்தேன். தெரிந்தது. என்னுடைய சொந்த வழக்கத்தையே நான் மென்பொருளில் மறந்திருக்கிறேன். ஒரு ஆம்பிளைக்கு இரண்டு வீடு இருக்கும் என்பதை, பெண்ணின் வீட்டில் இருந்துகொண்டே மறந்தவன்!

பிள்ளையைத் திருப்பி எடுக்கப் பதினேழு நாள் சென்றது. சாவடி, கடிதம், அத்தாட்சி, மறுபடி சாவடி. சித்திரவேலும் நானும் வான் வண்டியில் போனோம். பிழை என்னுடையது என்று அவருக்கு வழியில் சொன்னேன். ஏசுவார், அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன், உண்மையில் ஆசைப்பட்டேன். அவர் மிக மரியாதையாகக் கேட்டார்:

“ஐயா, எத்தின இடத்தில பேர் குடுத்தா அழியாது?”

அவரே ஒரு பதில் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த பட்டியல்களில் எல்லாம் அவர் பெயர் இருந்தது. தோணி கொடுக்கும் பட்டியல், விதைநெல் பட்டியல், கண் பரிசோதனைப் பட்டியல், ஒரு முறை மகளிர் தையல் வகுப்புப் பட்டியல். எங்கே ஆள் கொப்பியும் பேனையுமாக நிற்கிறதோ அங்கே போய்த் தன் பெயரைக் கொடுத்துவிடுவார். பக்கத்தில், மகள் தனு. நான் ஒன்றையும் வெட்டவில்லை. துப்புரவில்லை என்று மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தும்புத்தடியையும் என் கம்பியூட்டரில் இருந்து எடுத்துவிட்டேன்.

கதை முடிந்தது என்று ஹனிபா காக்காவைப் பார்த்தேன். அவர் துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“புள்ள இப்ப?”

“பள்ளிக்கூடம் போகுது. மூண்டாம் வகுப்போ நாலாம் வகுப்போ.”

“நல்லம். அந்தத் தும்புத்தடி இப்ப எங்க கிடக்கு?”

நான் சுவரைக் காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதே நேரம் பலமாகக் கைதட்டல் எழுந்தது. எனக்குப் பழக்கமான கைதட்டல். ஒரு நொடியில் பட்டியல் பளிங்காகும்போது வருவது.

“அங்கயா?”

“ஓம். அடுத்த கிழமை முகாமுக்குப் போகுதாம். நான் முந்திப் பலருக்குக் குடுத்தன். என்ட கம்பியூட்டர்ல மட்டும்தான் எடுத்த. குடுத்த ஆக்களுக்குச் சொல்லல்ல.”

“ஏன்?”

“வெக்கம், காக்கா.”

அவர் எழும்பினார். “தம்பி, நான் சோத்துப் பார்சல் கொண்டுவந்த ஆள். கெட்டுப்போன கறி நூறு பேருக்குப் போயிரிக்கி எண்டு தெரிஞ்சா, என்ட வீட்டுச் சட்டியக் கழுவிப்போட்டுப் பேசாம இரிப்பனா? என்னட்டச் செல்லி என்ன புரயோசனம்? இடையில எழும்பிப் போகலாமெண்டு இங்க சட்டமாமே. எழும்புங்க.”

எழும்பினேன். என் அமர்வில் இருந்து முதலில் வெளிநடப்புச் செய்தவன் நானே.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்னால் நிலூஷி என்ற பிள்ளை, கொழும்பில் இருந்து வந்தவள், திரையில் பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தாள். சுறுசுறுப்பான, நேர்மையான முகம். வில்லி மாதிரி இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நான் பின்னால் நின்று கையைத் தூக்கினேன். எல்லாரும் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் தொடங்கினேன். மூன்றாவது வசனத்தில் வினைச்சொல் எங்கேயோ விழுந்துவிட்டது, தேடிக்கொண்டு நின்றேன். ஒரு பொடியன் மெல்ல எழும்பி வெளியே போனான். சட்டப்படிதான்.

“சேர், தமிழில சொல்லுங்க. நான் மாத்திச் சொல்லுறன்” என்று யசோ பக்கத்தில் வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு சொல்ல முடிந்தது; சொல்லச் சொல்ல மண்டபத்தின் நடுவுக்கே போய்விட்டேன். “இந்தத் தும்புத்தடியை எழுதினது நான். உள்ளே என் பெயர் இருக்கும், பாருங்க” என்றதும் நிலூஷி சிரித்துக்கொண்டே கைதட்டத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். பிள்ளைகளே, அந்தக் கைதட்டல் ஓயும்வரை நின்றதுதான் என் வேலைக்காலத்தின் மிக நீளமான நேரம். ஓய்ந்ததும் சித்திரவேலின் கதையைச் சொன்னேன். பதினேழு நாள் என்பதைச் சொன்னேன். வழியில் அவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். அந்தக் கேள்வியை யசோ இரண்டு தரம் மாற்றிச் சொன்னாள்.

நிலூஷி கேட்டது நியாயமான கேள்வி. “நீக்காமல் விட்டால் ஒருவருக்கே இரண்டு முறை போகும். சாமான் குறைவு. முகாமில் ஆட்கள் அதிகம். நாங்கள் என்ன செய்வது?”

என்னிடம் பதினொரு பக்கம் இருந்தது. அதில் இதற்குப் பதில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“இங்க இருக்கிற ஆக்களில், ரெண்டு இடத்துப் பட்டியலில பேர் இருக்கிற ஆக்கள் ஒருக்கா எழும்புங்க. வீட்டில ஒண்டு, விடுதியில ஒண்டு, அப்பிடி.”

முதலில் தமிழ்ப் பிள்ளைகள் எழும்பினார்கள். கொழும்பில் அறை எடுத்து இருந்தவர்கள் பொலிசில் பதிந்த பதிவு ஒன்று, ஊரில் வீட்டுப் பட்டியலில் ஒன்று. பிறகு சிங்களப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக. அரைவாசி மண்டபம் நின்றது. நிலூஷி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். மெதுவாகக் கையைத் தூக்கினாள். வாடகை அறை கொழும்பில், அம்மா வீடு குருநாகலில்.

“உங்களை இதில போட்டா எந்த வீட்டில இருந்து கூட்டும்?” என்று கேட்டேன்.

அவள் திரையைப் பார்த்தாள். கொழும்புப் பதிவுதான் பிந்தியது. “அம்மாவிடம் இருந்து” என்றாள்.

அப்புறம் யாரும் கைதட்டவில்லை. வேலைதான் நடந்தது. இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டட்டும், தானாக எதையும் வெட்டக் கூடாது, ஒரு ஆள் நேரில் போய்க் கேட்டுவிட்டு வரட்டும் என்று முடிவானது. “அவ்வளவு பேரையும் யார் போய்க் கேட்பது?” என்று ஒருவன் சண்டை பிடித்தான். “பிள்ளையைத் திருப்பி எடுக்கப் போறத விட இது கிட்ட” என்றேன். நிலூஷி எல்லாரும் பார்த்திருக்க அந்தப் பகுதியை அழித்தாள். என் பெயரும் சேர்ந்து அழிந்தது. என் பெயர் ஒரு இடத்தில் இல்லாமல் போனதற்கு நான் சந்தோசப்பட்டது அன்றுதான்.

“புதுசுக்கு என்ன பேர் வைக்கிற?” என்று யசோ கேட்டாள்.

வாசலில் பார்சல் பெட்டியோடு நின்ற ஹனிபா காக்கா, “சைக்கிள் எண்டு வைங்க. மிதிச்சாத்தானே போகும்” என்றார். அப்படியே வைத்தார்கள்.

இதில் இருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிழையை உங்கள் கம்பியூட்டரில் திருத்திவிட்டு உறங்கப் போகாதீர்கள். நீங்கள் கொடுத்த இடமெல்லாம் அது விழித்திருக்கும். அதை ஊருக்குச் சொல்லும்போது “பொதுவான விடயங்கள்” என்று தலைப்பிடாதீர்கள். “நான் கெடுத்தது” என்று எழுதி ஒட்டுங்கள். அன்று அப்படி எழுதியிருந்தால், பன்னிரண்டு கதிரையும் போதாமல் போயிருக்கும்.

சாப்பாட்டுக்கு மணி அடித்தது. சனம் வெளியே போய்விட்டது. எனக்கு நன்றி சொன்னார்கள், கை கொடுத்தார்கள், பிறகு அடுத்த அறைக்குப் போனார்கள். அதுவும் சட்டப்படிதான். வெற்று மண்டபத்தில் சுவரோடு சாய்ந்திருந்து பார்சலை அவிழ்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை என்றதும், முதுகைச் சுவரில் இருந்து எடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: அவ்வளவு நேரமும் மண்டபத்தின் நடுவில், முதுகின் பழுப்பு முக்கோணத்தை அரைவாசிச் சனத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஆள் இருந்தால் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். காக்காவின் கறி நல்ல கறி.

ஓய்வு பெற்ற பிறகு நடந்த சின்ன விசயம் ஒன்றோடு விட்டுவிடுகிறேன். போன மாதம் கிராம சேவகர் வந்தார். இளம் பிள்ளை, ஸ்கூட்டரை வேலியோரம் விட்டுவிட்டுக் கொப்பியும் பேனையுமாக வந்தார். நான் இப்போதும் மனைவியின் வீட்டில்தான். வீடு மகளின் பெயரில். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் தங்கை, மச்சாள் செத்த வருடமே அண்ணன் இனி இங்கேதான் என்று தன் வீட்டுப் பட்டியலில் என்னைப் போட்டுவிட்டாள். ஒரு கட்டிலும் போட்டு வைத்திருக்கிறாள். நான் இன்னும் போகவில்லை.

“ஐயா, உங்கட பேர் ரெண்டு இடத்தில காட்டுது. களுவாஞ்சிக்குடியிலயும் இரிக்கி. கம்பியூட்டர்ல வெட்டாம, போய்ப் பாத்திட்டு வாங்க எண்டு அனுப்பினாங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கதிரையைத் துடைத்துப் போட்டேன்.

“எதை ஐயா வெட்டுற? ஒண்டுதான் இரிக்கலாம்.”

“இருங்க புள்ள. தேத்தண்ணி போடுறன், யோசிச்சுச் சொல்லுறன்.”

தேத்தண்ணி குடிக்கும்வரை அவருடைய ஊர், தாய் தகப்பன், எத்தனை வீடு ஒரு நாளைக்குப் பார்க்கவேண்டும் என்றெல்லாம் கேட்டேன். கோப்பை முடிந்தது. அவர் பேனையைத் திறந்தார். நான் இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

“அப்ப நான் இன்னொருக்கா வரணும் ஐயா.”

“வாங்க” என்றேன். “தேயிலை இரிக்கி.”